ஊசியின் அடியில் இரண்டு கோடு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நான் நலம், வீட்டில் அவளும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதிக நேரம் நிற்கக்கூடாது என்று ஊரில் உள்ள நோயாளிக்கெல்லாம் சொல்கிற நீ, வார்டில் எட்டு மணி நேரம் நிற்கிறாய்.

கடையில் ஃபோன் இருக்கும்போது ஏன் கடிதம் எழுதுகிறாய் என்று கேட்டிருந்தாய். கடைக்குள் எப்போதும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்க வந்தவர்கள் இல்லை, வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். துப்பாக்கிக் கடையில் மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர்கள் காதில் விழ உன்னிடம் என்ன பேசுவது?

லைசன்ஸை இந்த வருடமும் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். போன வருடம் முழுக்க விற்றது இரண்டு ஏர்கன், ஒரு வங்கிக் காவலாளிக்குக் கொடுத்த தோட்டாப் பெட்டி, அவ்வளவுதான். எதிர்க்கடை மாப்பிள்ளையை உனக்கு நினைவிருக்கும். மாமனார் கடைக்கு வந்து உட்கார்ந்தவர். அறுபது வயதாகியும் தெருவுக்கு மாப்பிள்ளைதான். "நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டாத்தான் இனி இந்தத் தெருவுல வியாபாரம் நடக்கும்" என்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு ஆள் வந்தான். வாயில் பல் குத்தும் குச்சி. பேசும்போதுகூட அதை எடுக்கவில்லை. மாப்பிள்ளை அவனுக்குப் பல்குச்சி என்று அப்போதே பெயர் வைத்துவிட்டார். ஒரு துண்டில் எதையோ சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். "சரி பண்ணித் தரணும்" என்றான். லைசன்ஸ் எங்கே என்று கேட்டேன். சிரித்தான். நம்மால் ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. என் முழங்கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. ஜன்னலைத் திறந்தால் ஆறும் பாலமும் தெரிகிறது. உன் அத்தான் போன பிறகு இரண்டாவது நாற்காலியை வெளியே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போடவில்லை. ஈரத்துணி காயப்போட உதவுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பல்குச்சி ஆளைப் பற்றி எழுதிவிட்டு 'வேறு விசேஷம் இல்லை' என்று முடித்திருக்கிறாய். சின்ன வயதில் பட்டறையில் எதையாவது உடைத்துவிட்டு வந்து, கேட்பதற்கு முன்பே "ஒண்ணும் இல்லக்கா" என்பாய். அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. துண்டுக்குள் என்ன இருந்தது? போகும்போது எடுத்துக்கொண்டு போனானா? திரும்பி வந்தானா? இந்த மூன்றுக்கும் பதில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

உன் நலம் நாடும்
அக்கா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை இருந்தது என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய்.

போன வாரம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். நம் தெருவைப் பற்றி எழுதப் போகிறாளாம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதலில் வந்தவர்கள் பூட்டு செய்கிறவர்கள். படைக்குத் துப்பாக்கி விசை பழுதானால் பார்ப்பதற்காகக் கூட்டிக்கொண்டு வந்து குடிவைத்தார்கள். பிறகு வேட்டைக்காரர்கள் வந்தார்கள். அப்போது தெருவில் இருபத்தாறு கடை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பட்டறை. வேட்டை கூடாது என்று சட்டம் வந்ததும் பாதிக் கடை போயிற்று. தொழிற்சாலைத் துப்பாக்கி வந்ததும் மீதியில் பாதி போயிற்று. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஜனங்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து நம்மிடம் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது எடுக்க வருவதில்லை. என் இரும்பு அலமாரியில் முப்பத்தொரு துப்பாக்கி கிடக்கிறது. பாதிக்குமேல் சொந்தக்காரர்கள் செத்துப்போனவர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பினால், "அப்பா துப்பாக்கியா? அதை வெச்சுக்கிட்டு நான் யாரைச் சுடறது?" என்கிறார்கள். நாலு கடைதான் மிச்சம். மற்றதில் செல்போன் உறை, மூக்குக் கண்ணாடி, பிளாஸ்டிக் வாளி.

ஒரு விஷயம் மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. பழுது பார்த்தவன் பெயர் துப்பாக்கியில் இருப்பது வாங்குகிற துரைமாருக்குப் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு அடையாளம் போட்டு வைத்தார்கள். தோட்டாவின் முதுகில் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி இருக்கிறதே, அதன் அடியில் நம் வீட்டு அரம் இரண்டு கோடு போடும். இது தெருவுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தெருவிலேயே இன்று யாருக்குத் தெரியும்? எனக்கும் மாப்பிள்ளைக்கும் உனக்கும்.

வீட்டில் அவள், பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். பல்குச்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதெல்லாம் முடிந்துவிட்டது.

அன்புடன்
தம்பி

*

மார்ச் 4

தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டு பக்கம் தெருவின் சரித்திரம் எழுதியிருக்கிறாய். கேட்ட மூன்று கேள்விக்குக் கடைசியில் ஒரே வரி. 'முடிந்துவிட்டது' என்றால் என்ன முடிந்தது?

உன் மனைவி எனக்கு எழுதியிருக்கிறாள். பத்து நாளுக்காக அவள் போகவில்லையாம். நீதான் போகச் சொன்னாயாம். பஸ் கிளம்பும்வரை நின்று, அவளைப் பார்க்காமல் பின்னால் ஏறுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். பட்டப்பகலில் வீட்டுக் கதவைத் தாழ்போட்டு, அதற்கு ஒரு நாற்காலியையும் முட்டுக் கொடுக்கிறாயாம். "அண்ணி, நான் கேட்டா ஒண்ணும் இல்லைங்கறார். நீங்க கேளுங்க" என்று எழுதியிருக்கிறாள்.

கேட்கிறேன். என்னடா நடந்தது?

அக்கா

*

மார்ச் 30

அக்கா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு.

துண்டுக்குள் இருந்தது கைத்துப்பாக்கி. அதன் எண்ணைத் தேய்த்து அழித்திருந்தார்கள். அன்று அவன் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. "இருக்கட்டும், யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டான். ஓடிப்போய்க் கொடுக்கலாம் என்றால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் எப்படி ஓடுவது? பட்டறையில் அரத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்தான். உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த குழல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உங்க வீட்டம்மா எட்டு மணி பஸ்ஸுலதானே தையல் வகுப்புக்குப் போறாங்க? ஜன்னல் ஓர சீட்டுன்னா ரொம்பப் பிடிக்கும்போல." வேறு எதுவும் சொல்லவில்லை. "சாயங்காலம் வரேன்" என்றான்.

ஊசி மட்டும்தான் உடைந்திருந்தது. புதிது செய்து போட்டேன். ஒன்றரை மணி நேர வேலை. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேலை செய்யும்போது என் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ரொம்ப நாள் கழித்து உருப்படியான ஒரு வேலை கிடைத்ததுபோல அது பாட்டுக்குச் செய்தது. அவன் வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகுதான் நடுக்கம் வந்தது. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பழக்க தோஷத்தில் ஊசியின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதிப் பேப்பரில் செய்தி வந்தது. ஒரு எடைமேடைக் குமாஸ்தா. அளவுக்குமேல் ஏற்றிய லாரிகளைப் பற்றிக் கோர்ட்டில் சொல்லப் போகிறவர். வாசலில் உட்கார்ந்து மகளின் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது சுட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அது வேறு துப்பாக்கியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் வேறு துப்பாக்கியே இல்லையா என்ன?

நாலு நாளைக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். கையில் அதே கைத்துப்பாக்கி, வடிகாலில் கிடைத்ததாம். "இது யார் கைவேலைன்னு பாத்துச் சொல்லுங்க, உங்க தெருவுக்குத்தானே தெரியும்" என்றார். மாப்பிள்ளையையும் கூப்பிட்டு வைத்திருந்தார். நான் திருகாணியைக் கழற்றினேன். ஊசியை உள்ளங்கையில் தட்டினேன். இரண்டு கோடு.

அக்கா, எதிரே இன்ஸ்பெக்டர் நிற்கிறார். மாப்பிள்ளை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். அவர் மூச்சு என் காதில் பட்டது, பிறகு நின்றுவிட்டது.

"தெரியல சார்" என்றேன்.

மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தபடி, "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஊசியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். திரும்ப வருவார். பல்குச்சியும் வருவான். யார் முதலில் வருவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பி,

கடிதத்தை நான் எரிக்கவில்லை. என் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். திட்டிக்கொள்.

மூன்று தடவை படித்தேன். நீ மிரட்டலுக்குப் பயந்து செய்தாய், அது புரிகிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருகிறவளை வைத்து மிரட்டினால் நானும் செய்திருப்பேன். அதற்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன். இன்ஸ்பெக்டரிடம் தெரியாது என்றாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அந்தக் குமாஸ்தா மூன்று நாள் இருந்தார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். மூன்று நாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவர் மனைவி வராந்தாவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். உள்ளேயிருந்து யாராவது வாளியை எடுத்துக்கொண்டு வந்தாலும் எழுந்து நிற்பாள். முப்பது வருடமாக நான் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

இன்ஸ்பெக்டரிடம் போ. உன் வாயால் சொல். அவன் மிரட்டியதைச் சொல், நீ செய்ததையும் சொல். இரண்டு கோடு யாருடையது என்று சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்கா,

நீ சொல்வது எல்லாம் நியாயம். நியாயம் தெரிந்தவனுக்குக் கால் நடக்க வேண்டுமே.

ஸ்டேஷன் நம் தெருவிலிருந்து எட்டு நிமிட நடை. மூன்று தடவை கிளம்பினேன். ஒரு தடவை தபால் பெட்டிவரை போனேன். அங்கே ஒருவன் சுவரில் சாய்ந்து நின்று நகம் வெட்டிக்கொண்டிருந்தான். வெறும் ஆள்தான். ஆனால் என்னைப் பார்த்ததும் வெட்டுவதை நிறுத்தினான். நான் தபால் பெட்டியில் போட ஏதோ கொண்டுவந்தவன்போல சட்டைப்பையைத் தடவிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம், மாப்பிள்ளையைக் காணோம். திங்கட்கிழமை காலை கடை திறந்தார். டீ சொன்னார். பதினோரு மணிக்குப் பார்க்கிறேன், கடை திறந்தபடி கிடக்கிறது, டீ மேஜையில் ஆறிக் கிடக்கிறது, ஆள் இல்லை. அவர் மனைவியிடம் கேட்டால், "ஊருக்குப் போயிருக்காரு" என்று கதவுக்குப் பின்னால் இருந்தே சொல்கிறார். எந்த ஊர் என்று கேட்டேன். கதவு சாத்திக்கொண்டது. அக்கா, அவருடைய செருப்பு கடை வாசலில் அப்படியே கிடக்கிறது. இன்றோடு ஆறு நாள். அவர் இருந்தவரை இந்தத் தெருவில் பயப்பட இரண்டு பேர் இருந்தோம்.

அந்த இரண்டு கோடுகளைப் பற்றித் தெரிந்தவர்களில் இனி மிச்சம் நீயும் நானும்தான். உன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நீ எனக்கு எழுதும் கடிதத்தின் பின்பக்கம் உன் முகவரி இருக்கிறது. இரண்டு கடிதம் கல்லாவில் கிடந்தது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. நானே எங்காவது வைத்திருப்பேன்.

என்னால் முடியாது அக்கா. மன்னித்துவிடு.

தம்பி

*

மே 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வார்டில் வேலை அதிகம், அதனால் தாமதம். குவார்ட்டர்ஸை மாற்றிக்கொண்டேன், இப்போது மாடியில் இன்னும் இரண்டு நர்ஸோடு இருக்கிறேன். பேச்சுத் துணைக்கு ஆயிற்று. முகவரியை எழுதவில்லை. ஆஸ்பத்திரிக்கே எழுது.

நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. போ. தனியாக நடந்து போகாதே. கடைக்கு வெயிலுக்கு ஒதுங்க வருகிறார்களே, அவர்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போ. இத்தனை வருடம் உன் மின்விசிறியில் காற்று வாங்கியிருக்கிறார்கள்.

அக்கா

*

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

போய்விட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், கண்ணாடிக் கடைக்காரர், மற்ற மூன்று பேரின் தொழில்கூட எனக்குத் தெரியாது. "ஸ்டேஷன்வரைக்கும் என்கூட வர முடியுமா? எதுக்குன்னு கேக்காதீங்க" என்றேன். தபால்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, "வெயில் தாழட்டும்னு பாத்தேன், பரவாயில்ல வாங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எட்டு நிமிடம். நடுவில் நான், சுற்றிலும் அவர்கள். தபால் பெட்டி அருகில் யார் நின்றார்கள் என்று நான் பார்க்கவில்லை. குனிந்து தபால்காரரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார். "ஏன் இவ்வளவு நாள்?" என்று மட்டும் கேட்டார். "பயம் சார்" என்றேன். "இப்ப?" என்றார். "இப்பவும்தான் சார்."

பிறகு ஊசியை ஒரு காகிதத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நம் கடையிலிருந்து பழைய ஊசிகள் பத்துப் பன்னிரண்டு எடுத்துவந்து பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள். எல்லாவற்றிலும் இரண்டு கோடு. அங்கே இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது தாத்தா அரமும் அப்பா அரமும் என் அரமும் ஒரே சாய்வு. இதற்குமுன் நான் அப்படிச் சேர்த்துவைத்துப் பார்த்ததே இல்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம். நான் கண்ணாடியைத் தள்ளி வைத்தேன்.

எட்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு, மிரட்டலால் செய்தவன், தானாக வந்து சொன்னவன் என்று எழுதி, மேலிடத்தில் கேட்டு, என்னைச் சாட்சியாக மாற்றிக்கொண்டார்கள். லைசன்ஸ் போயிற்று. இந்த ஜென்மத்துக்கு இனி கிடையாது. அலமாரித் துப்பாக்கிகளை எண்ணி வண்டியில் ஏற்றினார்கள். சீல் வைக்க வந்த போலீஸ்காரர், மின்விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதே என்று உள்ளே போய் நிறுத்திவிட்டு வந்து சீல் வைத்தார். தெருவில் இனி இரண்டு கடை.

பல்குச்சியைப் பிடித்துவிட்டார்கள். அவனை ஏவியவர்களைப் பிடிக்கவில்லை.

நேற்று ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அனுப்பியவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. 'புதுச் செருப்பு வாங்கிவிட்டேன்' என்று ஒரே வரி. மாப்பிள்ளை எழுத்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலையில் நீதிபதி முன்னால் அடையாளம் காட்ட வேண்டும். அவனும் அங்கே இருப்பான்.

உன் தம்பி

*

ஜூன் 17

என் அன்புத் தம்பிக்கு,

இப்போது ஒன்று சொல்லலாம். முன்னமே சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய்.

ஏப்ரல் கடைசியில் வெளிநோயாளிப் பிரிவுக்கு ஒருவன் வந்தான். நல்ல சட்டை, பளபளவென்று ஷூ. பிரஷர் பார்க்க வேண்டும் என்றான். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். "உங்க தம்பி நல்ல வேலைக்காரர். அவர் கை நல்லா இருக்கணும். எழுதினா சொல்லுங்க, சிஸ்டர்" என்றான். என் பெயரைச் சொன்னான், குவார்ட்டர்ஸ் எண்ணைச் சொன்னான். அந்த ஜன்னலுக்குக் கம்பி போடக்கூடாதா என்று அக்கறையாகக் கேட்டான். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது. என்னுடையதை அப்போது யாராவது பார்த்திருக்க வேண்டும்.

அன்றே உட்கார்ந்து உனக்கு எழுதினேன். 'போகாதே. எதையும் சொல்லாதே. கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடு' என்று எழுதினேன். உறையில் போட்டு ஒட்டினேன். மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்வந்தேன். பிறகு கிழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் கிழித்தேன். உனக்கு வந்தது மூன்றாவதாக எழுதியது. அதனால்தான் தாமதம். வார்டில் வேலை அதிகம் என்றது பொய்.

உன்னைப் போ என்று சொன்னபோது நான் தைரியமாக இருந்தேன் என்று நினைக்காதே. கழிவறைக்குக்கூட இன்னொரு நர்ஸைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

அடையாளம் காட்டி முடித்ததும் நீ அந்த ஊரில் ஒரு நாளும் இருக்க வேண்டாம். இங்கே வா. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். காலை பஸ்ஸில் ஏறு. பெரிய நிலையத்தில் இறங்காதே, அதற்கு முன்னால் பாலம் நிறுத்தம். நான் அங்கே நிற்பேன். என் குடை விரித்திருந்தால் இறங்கு. மடக்கியிருந்தால் இறங்காதே, என் பக்கம் பார்க்காதே, எனக்குத் தெரியாதவன்போல அப்படியே போய்விடு. ஷூ போட்டவனை இன்னும் யாரும் பிடிக்கவில்லை.

அக்கா

*

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

இன்று முடிந்தது. காலையில் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மணி கேட்டான். பத்தேகால் என்றேன். "நேரத்தை எல்லாம் சரியாத்தான் பாத்து வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான். அதற்குப் பிறகு உள்ளே கூப்பிடும்வரை நான் உட்காரவில்லை.

பல்குச்சியை நிற்க வைத்திருந்தார்கள். வாயில் குச்சி இல்லை. அது இல்லாமல் வேறு யாரோ மாதிரி இருந்தான், ஒரு நிமிடம் சந்தேகமே வந்துவிட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த இரண்டு கோடு நீங்கள் போட்டதுதானா? யார் வேண்டுமானாலும் போடலாமே" என்று கேட்டார். ஒரு அரமும் வெறும் ஊசியும் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். அத்தனை பேர் பார்க்க, அவனும் பார்க்க, அங்கேயே போட்டுக் காட்டினேன்.

இந்தத் தடவை கை நடுங்கியது, அக்கா. நன்றாகவே நடுங்கியது. ஆனாலும் கோடு அதே சாய்வில்தான் விழுந்தது.

வெளியே வரும்போது எடைமேடைக் குமாஸ்தாவின் மனைவி படியில் நின்றிருந்தார். நான் கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை. திட்டவும் இல்லை. என் கைகளைப் பார்த்தார், பிறகு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். என்னால் அந்தப் படியில் இறங்க முடியவில்லை. பக்கவாட்டுப் படி வழியாக இறங்கினேன்.

வழக்கு இன்னும் மாதக்கணக்கில் இழுக்கும். மறுபடி கூப்பிடுவார்களாம். அதுவரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார்கள். புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். இடதுபக்க ஜன்னலில் இருப்பேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 2

அன்பான தம்பி மனைவிக்கு,

அண்ணி எழுதுவது. உன் வீட்டுக்காரன் நலமாக வந்து சேர்ந்தான். முதலில் அதைப் படித்துவிட்டாயா? சரி, இனி மற்றது.

புதன்கிழமை ஒன்பது மணிக்கே போய்ப் பாலம் நிறுத்தத்தில் நின்றுவிட்டேன். முக்கால் மணி நேரம் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஷூ போட்டவர்கள் நாலு பேர் போனார்கள், நாலு பேரையும் பார்த்து எனக்கு வியர்த்தது. எல்லாரும் ஆபீஸுக்குப் போகிறவர்கள். பஸ் திருப்பத்தில் தெரிந்தது. குடையின் பித்தானை அமுக்கினேன். விரியவில்லை. மறுபடி அமுக்கினேன். பஸ் வந்து நின்றுவிட்டது. ஜன்னலில் அவன் முகம். பாதியாக இளைத்திருக்கிறான். குடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் முகம் வெளுத்தது. மெதுவாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். யாரோ ஒரு கிழவி நிற்கிறாள் என்பதுபோல. நான் சொல்லிக்கொடுத்தபடியே. பஸ் போய்விட்டது.

அம்மாடி, இந்த ஆறு மாதத்தில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. பெரிய நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி எங்காவது போய்விடுவானே, பிறகு எங்கே தேடுவேன்? ஒரு வாடகை வண்டியை மறித்து ஏறினேன். ஓட்டுகிறவரிடம் "அந்த பஸ்ஸைப் பிடிங்க" என்றேன். "பஸ்ஸைத் தவறவிட்டுட்டீங்களாம்மா?" என்றார். "தம்பியைத் தவறவிட்டுட்டேன்" என்றேன். பாவம், அவர் வண்டியை விரட்டு விரட்டென்று விரட்டினார்.

நிலையத்தில் கடைசி பெஞ்சில், சுவரோரம், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். தலையைத் தூக்கவில்லை. உதடு அசையாமல், "யாரு நின்னாக்கா அங்க?" என்று கேட்டான்.

"யாரும் இல்லடா. குடை திறக்கல."

நிமிர்ந்து பார்த்தான். குடைக்காகக் கையை நீட்டினான். வாங்கி ஒரு தரம் காதருகே வைத்துப் பித்தானை அமுக்கிப் பார்த்தான். "துரு" என்றான். பிறகு அந்தக் குடையைக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க, அழுதான். நானும் நின்றுகொண்டு அழுதேன். முழங்கால் வலித்தது, உட்காரத்தான் தோன்றவில்லை.

சாப்பிடுகிறான். தூங்குகிறான். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான். நானும் ஒன்றும் சொல்வதில்லை, எனக்கும் அது இருந்தால்தான் தூக்கம் வருகிறது. ஆஸ்பத்திரியில் கட்டில் சக்கரம், வீல் சேர் எல்லாம் பழுது பார்க்க ஆள் தேடுகிறார்கள். கேட்டிருக்கிறேன். பார்க்கலாம்.

நீ வரவேண்டும் என்று கேட்கிறான். நானும்தான். ஆனால் இந்த வாரம் வேண்டாம், நான் எழுதும்போது கிளம்பு. வரும்போது ஜன்னல் ஓரத்தில் உட்காராதே. பாலம் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். இரண்டு பேரும் நின்றால் இறங்கு. ஒருவர் மட்டும் நின்றால், அது அவனாகவே இருந்தாலும், இறங்காதே.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணி